வாழ்த்துரையில் நாலு தரம் தலைவர்

"அண்ணை, நல்லா எழுதியிருக்கிறியள். ஒண்டு மட்டும் கேக்கவேணும். என்ர பேர் எந்த வரியிலை இருக்கு?"

மூன்று கிழமைக்கு முன்னால், பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான ரூ காயில் ஒரு தேநீர்க்கடை. வடையைப் பாதி கடித்தபடி இருந்த என்னிடம் இந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. கேட்டவர் தவமணி என்ற பெண். அவர் கையில் நான் எழுதிய வாழ்த்துரை, அச்சுக்குப் போகும் முன் எடுத்த பிரதி.

வடையை வைத்தேன். கண்ணாடியைப் போட்டேன். எழுதியவனே தேட வேண்டிய நிலைமை. முதல் பந்தியில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவது பந்தி முடிவதற்குள் என் பெயர் வந்துவிட்டது - தடித்த எழுத்தில், 'பிரபல பத்தி எழுத்தாளர்' என்ற பட்டத்தோடு.

"பின்பக்கத்திலை இருக்குமோ?" என்றேன்.

தவமணி தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் வெள்ளை.

பிரபல எழுத்தாளர் என்றவுடன் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. பகலில் கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு பிரெஞ்சு ரெஸ்டோரண்டில் தட்டுக் கழுவுகிறேன். நாங்கள் அதை 'ப்ளோஞ்ச்' என்போம்... பிரெஞ்சில் சொன்னால் உத்தியோகம் மாதிரிக் கேட்கும். கிழமைக்கு ஒருமுறை இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை எடிட்டர் கழுவுகிறார். அவருக்கும் அது ஒரு ப்ளோஞ்ச்தான்.

தவமணி வன்னியிலிருந்து வந்தவர். பாரிஸுக்கு வெளியே சார்செல்லில் ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடி. ஒரு ஹோட்டலில் அறை துப்பரவு. காலையில் எந்தெந்த அறை என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். வேலை முடிந்தால் அந்தத் தாள் குப்பைக்கு. தவமணி குப்பைக்குப் போடவில்லை. அதன் முதுகில் அம்மனுக்குப் பாட்டு எழுதினார். பத்துப் பாட்டு.

சார்செல்லில் எங்களுக்கு ஒரு சின்ன அம்மன் கோயில் உண்டு. முன்பு அது பொதிகள் ஏற்றி இறக்கும் கூடம். சுவர் ஈரம் கசியும். குளிர்காலத்தில் அம்மனுக்கே ஒரு ஸ்வெட்டர் போடலாமா என்று தோன்றும். அந்தக் கோயில் திருவிழாவில் தவமணியின் பாட்டுகளைச் சின்னப் புத்தகமாகப் போட்டு, எல்லோரும் சேர்ந்து பாடுவது என்று நிர்வாக சபை முடிவெடுத்தது. முடிவெடுத்தவர் தலைவர். சபை என்பது அவர் பேசும்போது தலையாட்டும் நாலு பேர். தவமணிக்கு ஹோட்டல் வேலையைக் கொடுத்திருக்கும் துப்பரவுக் கொம்பனியும் இதே தலைவருடையதுதான்.

புத்தகம் என்றால் வாழ்த்துரை இல்லாமல் ஆகுமா? நம் ஆட்களின் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை... இருபது பக்கம் புரட்டினால்தான் எழுதியவரின் முதல் வரி தட்டுப்படும். தலைவர் என்னையும் கேட்டார்.

நான் என்ன செய்தேன்? பாட்டுகளை வாசித்தேனா? நல்ல கேள்வி. போன வருடம் ஒரு சேலைக்கடைத் திறப்பு விழாவுக்கு எழுதிய வாழ்த்துரை போனில் இருந்தது. 'பட்டு' வந்த இடத்தில் 'பக்தி' போட்டேன். 'உரிமையாளர்' வந்த இடத்தில் தலைவர் பெயரைப் போட்டேன். உரிமையாளர் நாலு தரம் வந்திருந்தார். ஆகவே தலைவரும் நாலு தரம். சேலை நெய்தவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்கவில்லை. ஆகவே தவமணியும் இல்லை.

"மாத்தி எழுதித் தாறன் தங்கச்சி," என்றேன்.

"எழுதுங்கோ. ஆனா நோட்டீஸிலையும் இல்லை. அட்டையிலையும் இல்லையாம். 'இயற்றியவர் - ஓர் அடியார்' எண்டு போடப் போயினமாம். நான் அடியார்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. எண்டாலும் எனக்கு ஒரு பேர் இருக்குத்தானே அண்ணை?"

மிச்ச வடையைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். அது வடையின் பிழையும் அல்ல.

மறுநாள் வேலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தட்டுக் கழுவினேன். எங்கள் சமையலறையில் குவாதலூப் தீவுக்காரன் ஒருவன் இருக்கிறான் - மத்தியாஸ். கறுப்பன், கெட்டிக்காரன், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவன். உருளைக்கிழங்கு சீவும்போதுகூட ஏதாவது ஒரு புத்தகம் அவன் பக்கத்தில் கிடக்கும். என் கதையைக் கேட்டான். கையைத் துடைத்துவிட்டு ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தான்.

"இந்த மனிசனைத் தெரியுமோ உனக்கு?"

அவன் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன். கூடக்குறைய இருந்தால் என் படிப்பைக் குறைசொல்லுங்கள், மத்தியாஸை விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில், இருநூறு வருடத்துக்கும் முன்னால், ஒரு கறுப்பு அடிமை. பிறந்ததிலிருந்து ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். அப்பா செத்தால் மகனுக்கு, மகனுக்குப் பிறகு பேரனுக்கு - வீட்டு அலுமாரி கைமாறுவதுபோல. வீட்டு வேலைக்கு உதவும் என்று எழுத்துப் படிப்பித்தார்கள். அந்த எழுத்தை வைத்து மனிதர் கவிதை எழுதினார். எல்லாம் சாமி விஷயம். இரட்சிப்பு, பரலோகம், பாவமன்னிப்பு. அது அச்சிலும் வந்தது. அந்த நாட்டில் கறுப்பர் ஒருவர் எழுதிய கவிதை அச்சேறுவது அநேகமாக அதுதான் முதல் தடவை.

அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் அடிமைக்குப் பெயர் வைப்பதும் வீட்டுக்காரர் உரிமை - நாய்க்குட்டிக்கு வைப்பதுபோல. அவருடைய அம்மா அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்? அது புத்தகத்தில் இல்லை. ஆகவே இந்தப் பத்தியில் நான் அவரைக் கவிராயர் என்றே சொல்கிறேன். ஆட்சேபம் இருந்தால் எடிட்டருக்கு எழுதுங்கள்.

மத்தியாஸ் முதல் பக்கத்தை விரல் வைத்துக் காட்டினான். கவிராயர் பெயர். அதே வரியில், அவர் இன்னாருக்குச் சொந்தமானவர் என்று எஜமானின் பெயர்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் நோட்டீஸில் இதற்கு 'உபயம்' என்று பெயர்.

"என்னதான் எழுதினார்?" என்று கேட்டேன்.

மத்தியாஸ் கொஞ்சம் வாசித்துச் சொன்னான். வயசான காலத்தில் மற்ற அடிமைகளுக்கு எழுதிய புத்திமதியாம். எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள். களவெடுக்காதீர்கள். கடவுளைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு வயசு போய்விட்டது, எனக்கு விடுதலை வேண்டுமென்று நான் கேட்கவில்லை...

எனக்குச் சிரிப்பு வந்தது. "இந்த மனிசன் நல்லாப் பந்தம் பிடிச்சிருக்கிறார் போல."

மத்தியாஸ் சிரிக்கவில்லை. "இண்டைக்குக் காலமையிலையிருந்து நீ எத்தினை தரம் 'உய் ஷெஃப்' சொன்னனீ?"

"அது... வேலை." எங்கள் சமையலறையில் அதுதான் 'சரி ஐயா'.

"நான் எண்ணினன். பதினேழு. அதிலை ரெண்டு தரம் ஷெஃப் உன்னைக் கூப்பிடவேயில்லை."

அந்தப் பக்கம் ஷெஃப் ஏதோ கத்தினார். "உய் ஷெஃப்," என்றேன். பதினெட்டு.

"மிச்சத்தைக் கேள்," என்றான் மத்தியாஸ். "எனக்கு வேண்டாம் எண்டவர் அதோடை நிப்பாட்டேல்லை. இளம் ஆக்களுக்கு விடுதலை கிடைச்சா எனக்குச் சந்தோசம் எண்டும் எழுதியிருக்கிறார். ஒரு அடிமை, எஜமான்ர வீட்டிலை இருந்துகொண்டு, அச்சிலை. முன்னுக்குப் பின்னுக்குக் கீழ்ப்படிவைச் சுத்தி, நடுவிலை அதை வைச்சிருக்கிறார். நான் மீன் சுத்துற மாதிரி."

அவன் மீன் சுற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். வெளியே முழுக்க மாவு. மீன் எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் தராசில் வைக்க நான் வரவில்லை. தவமணிக்கு வேலை ஒப்பந்தம் இருக்கிறது, லீவு இருக்கிறது, பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போகலாம். கவிராயரை விற்கலாம், கொடுக்கலாம், பேரனுக்கு எழுதி வைக்கலாம். அது வேறு இருட்டு. ஆனால் புத்தகத்தின் முதல் பக்கம் இருக்கிறதே... அது மட்டும் எனக்கு எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தவமணியையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மனதில் வீரம். சட்டைக்கு இஸ்திரி வேறு போட்டிருந்தேன்.

தலைவர் அன்பாகத் தேநீர் தந்தார். பின்னால் திருவிழாப் பதாகை தொங்கியது. ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் தலைவர். இரண்டு படமும் ஒரே அளவு. சிங்கத்தையும் உள்ளே கொண்டுவர வேண்டியிருந்ததால் அம்மன் கொஞ்சம் சிறிதாகிவிட்டார்.

தவமணி விஷயத்தைச் சொன்னார். சபையில் ஒருவர், பொருளாளர், முகவாயைத் தடவிக்கொண்டு கேட்டார்: "பிள்ளை, குறை நினைக்காதையும். இதை ஆர் உமக்கு எழுதித் தந்தது?"

"நான்தான் எழுதினன்."

"இல்லை, விருத்தம் எல்லாம் சரியா நிக்குது. அதுதான் கேக்கிறன்."

விருத்தம் பிசகியிருந்தால் இவர் எழுதியது என்று நம்பியிருப்பார்கள். சரியாக இருந்ததுதான் சந்தேகம். எனக்கு மத்தியாஸ் சொன்னது ஞாபகம் வந்தது. கவிராயரின் எழுத்தை அச்சிட்டவர்களும் ஒரு குறிப்புப் போட்டார்களாம் - இதை மெய்யாகவே அவர்தான் எழுதினார் என்று.

"எட்டு வருசமா உம்மைத் தெரியும்," என்றார் தலைவர். "நீர் ஒரு வரி எழுதினதையும் நான் காணேல்லை."

"நான் துடைச்ச அறையளையும் நீங்கள் காணேல்லை ஐயா. துடைச்சிருக்கிறன் எண்டு நம்புறியள்தானே."

பொருளாளர் முகவாயிலிருந்து கையை எடுத்தார். பிறகு தலைவர் சிரித்தார். சிரித்துவிட்டு முடிவைச் சொன்னார்.

"நீர் எழுதினதெண்டே வைப்பம். 'ஓர் அடியார்' எண்டு போட்டால்தான் பணிவு. அம்பாளுக்குப் பாட்டு, இதிலை ஆளுக்கு விளம்பரம் என்னத்துக்கு?"

பதாகையில் இருந்த தலைவரும் அதை ஆமோதிப்பதுபோல் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

நான் எதற்கு வந்தேன்? பேசுவதற்கு. என்ன பேசினேன் என்று கேட்கிறீர்களா? "தேத்தண்ணி நல்லாயிருக்கு," என்றேன். இஸ்திரி போட்ட சட்டை அதைத்தான் பேசியது.

தவமணி எழுந்து, "சரி ஐயா," என்றார்.

ஸ்டேஷன் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். வெட்கத்தில் நான் கவிராயர் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவரும் 'சரி ஐயா' போட்டவர்தான், நீங்கள் மட்டும் இல்லை என்று ஆறுதல் சொல்கிறேனாம்.

தவமணி கவனமாகக் கேட்டார். "முழுக்கச் சாமிப் பாட்டோ?"

"ஓம். புத்திமதி எழுதினதும் சாமியைச் சொல்லித்தான்."

"பின்னை? அவர் வேறை என்னத்தை எழுதினாலும் அச்சடிச்சிருப்பினமோ?"

நான் எட்டாம் வகுப்பு என்று சொன்னேன் அல்லவா. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அவர் கைப்பையைத் திறந்து ஒரு பட்ஜை எடுத்துக் காட்டினார். ஹோட்டலில் நெஞ்சில் குத்திக்கொள்வது. அதில் 'சோஃபி' என்று இருந்தது.

"எனக்கு முதல் நிண்ட பிள்ளையின்ர பட்ஜ் இது. நல்ல பட்ஜ், வீணாக்காமல் இதையே குத்தும் எண்டவை. எட்டு வருசமா நான் சோஃபி. முதல் முதல் கூப்பிடேக்கை திரும்பிப் பாக்கமாட்டன். இப்ப திரும்புறன். ரோட்டிலை ஆரும் சோஃபி எண்டு கத்தினாலும் திரும்புறன் அண்ணை."

பட்ஜைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டார்.

"அங்கை சோஃபி. இஞ்சை அடியார். வீட்டிலை கதவுக்கு வெளியாலை எழுதியிருக்கிறது இன்னும் முந்தின ஆக்களின்ர பேர். அம்பாளுக்கு முன்னாலையாவது ஒருக்கா என்ர பேரைச் சொல்லவேணும் எண்டுதான்..."

ரயில் வந்தது. ஏறும்போது தவமணி ஒரு மாதிரி யோசனையோடு சொன்னார்: "பதிகமெண்டால் பதினொண்டு வேணும் அண்ணை. நான் பத்தோடை நிப்பாட்டிப்போட்டன்."

புதன்கிழமை மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அறைப் பட்டியலின் முதுகு. பதினோராவது பாட்டு.

புவனமும் காக்கும் தாயே, பொதிகளின் கூடம் தன்னில்
சுவரிலே ஈரம் ஊறச் சுடரெனச் சிரித்தி ருந்தாய்
அவசர மாக நானும் அறைகளைத் துடைக்கும் போது
தவமணி சொன்ன பத்தும் தாங்குவாய் சார்செல் தாயே

ப்ளோஞ்சில் ஈரக் கையோடு நின்று நாலு தரம் வாசித்தேன். தலைவருக்குச் செலவழித்த அதே நாலு தரம்.

பதிகத்தின் கடைசிப் பாட்டில் பாடியவர் தன் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி முடிப்பது பழைய வழக்கம். கோயிலில் நின்று எத்தனை பதிகம் கேட்டிருப்போம். அந்தப் பெயர்களெல்லாம் அட்டையில் ஒட்டி வந்தவை அல்ல. பாட்டுக்குள் தைத்து வந்தவை. அட்டை கிழிந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது, பெயர் இன்னும் இருக்கிறது. தவமணியும் தைத்துவிட்டார். புவனம், சுவர், அவசரம், தவமணி... இரண்டாம் எழுத்தெல்லாம் 'வ'. அந்தப் பெயரை உருவினால் கடைசி அடி நொண்டும்.

அன்று பின்னேரமே தலைவர் போன் செய்தார்.

"இன்னொரு பாட்டுத் தந்திருக்கிறாவாம். தேவையோ? நாளைக்கு அச்சுக்குப் போகுது."

"பதிகத்துக்குப் பத்தோடை நிப்பாட்டினா அரைகுறை ஐயா. மரபுப் பிழை எண்டு ஆரும் சொல்லுவினம்."

மரபு என்றால் தலைவருக்கு உயிர். "சீச்சீ, மரபு பிசகப்படாது. நீர் வாசிச்சனீரோ?"

"வாசிச்சன்."

"ஏதும் பிழை கிடக்கோ?"

"ஒரு பிழையும் இல்லை ஐயா."

போனில் நான் சொன்ன உண்மைகளைக் கணக்கெடுத்தால் அது முதல் வரிசையில் நிற்கும். அவர் வாசிக்கவில்லை. அதற்காக அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. வாசிக்காமலே வாழ்த்தியவன் நான்.

போன ஞாயிறு திருவிழா. கூடம் நிறைந்து வாசல்வரை சனம். ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம். அட்டையில் 'இயற்றியவர் - ஓர் அடியார்'. அதற்குக் கீழே, இரண்டு மடங்கு எழுத்தில், உபயம்: தலைவரும் அவருடைய கொம்பனியும். நான் மாற்றி எழுதிக் கொடுத்த வாழ்த்துரையைக் காணவில்லை. பக்கம் போதவில்லையாம். பழைய வாழ்த்துரைக்குப் பக்கம் இருந்தது, அது வேறு கதை.

பத்துப் பாட்டும் எல்லோரும் சேர்ந்து பாடினோம். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பாட்டுக்கு மைக் தலைவர் கைக்குப் போகும். அவர் ஒரு அடி பாடுவார், சனம் திருப்பிப் பாடும். கடைசி அடியை மட்டும் மூன்று தரம். தலைவருக்குக் கணீரென்ற குரல். அதை மறுக்க முடியாது.

புவனமும் காக்கும் தாயே... நாங்கள் திருப்பிப் பாடினோம். சுவரிலே ஈரம் ஊற... பாடினோம். சிலர் சுவரைப் பார்த்தார்கள். அவசரமாக நானும் அறைகளைத் துடைக்கும்போது - இந்த இடத்தில் தலைவரின் குரல் லேசாகத் தடுமாறியது. அவர் வாழ்நாளில் ஒரு அறையும் துடைத்தவர் அல்ல. ஆனால் பாட்டு ஓடுகிறது, தாளம் விழுகிறது, முன்னூறு பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நிறுத்த முடியுமா?

"தவமணி சொன்ன பத்தும்..."

கண் அடுத்த சொல்லுக்குப் போன பிறகுதான், வாயிலிருந்து என்ன போனது என்று அவருக்கு விளங்கியது. முகத்தில் அதைப் பார்த்தேன். ஸ்பீக்கர் அதற்குள் பெயரைக் கார் நிறுத்துமிடம்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. சனம் திருப்பிப் பாடியது: தவமணி சொன்ன பத்தும். இன்னும் இரண்டு தரம் பாக்கி. மரபு.

அவர் பாடினார். வேறு வழி?

தவமணி செருப்பு வைக்கும் பக்கம், தூணோடு நின்றார். அவர் பாடவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற, செவ்ரான் ஊரிலிருந்து வந்த பெண் ஒருவர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "ஆர் இந்தத் தவமணி? பழைய காலத்து ஆளோ?" என்றார்.

"நான்தான்," என்றார் தவமணி. கண்ணைத் திறக்காமலே.

தலைவர் லேசுப்பட்டவர் அல்ல. தீபாராதனை முடிந்ததும் மறுபடி மைக்கைப் பிடித்தார். "இந்தப் பாட்டை எழுதின தவமணி வேறை ஆருமில்லை. எங்கட கொம்பனியிலைதான் வேலை செய்யிறா," என்றார். சனம் கை தட்டியது. கவிராயரின் முதல் பக்கம் என் காதுக்குள் புரண்டது. மேலே பெயர், கூடவே சொந்தக்காரர்.

திங்கட்கிழமை மத்தியாஸிடம் முழுக் கதையையும் சொன்னேன். மாவுக் கையோடு சிரித்தான். பிறகு சொன்னான்: "அந்த மனிசன்ர கல்லறை எங்கை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எப்ப செத்தாரெண்டும் சரியாத் தெரியாது. பாட்டுத்தான் மிச்சம்." அந்த நேரம் பார்த்து ஷெஃப் கூப்பிட்டார். நான் சும்மா இருந்தேன். இரண்டாவது தரம் கூப்பிட்டபோதுதான் "உய்" என்றேன். ஷெஃப்பை விட்டுவிட்டேன். இதுதான் என் புரட்சி, குறித்துக்கொள்ளுங்கள்.

தவமணியின் நெஞ்சில் இன்றைக்கும் சோஃபிதான் குத்தியிருக்கிறது. பட்ஜ் இன்னும் நல்ல பட்ஜாம்.

சரி, என் பாவத்துக்கு வருவோம். வாழ்த்துரையில் தலைவர் பெயர் நாலு தரம், தவமணி பெயர் ஒரு தரமும் இல்லை. இந்தப் பத்தியில் தலைவரின் பெயர் - பதவியை விடுங்கள், பெயர் - எத்தனை தரம் வந்திருக்கிறது?

எண்ணிப் பாருங்கள்.